இரக்கத்துக்குக் கொடுத்த வேலை

என் உம்மா எழுதிவைத்த வக்புக்கு நான் முத்தவல்லியாக இருந்தேன். அல்லாஹ்வின் பேரில் விட்ட சொத்து, விற்கக் கூடாது, வருமானம் எழுதிய காரியத்துக்கு மட்டுமே போக வேண்டும், அதற்குப் பொறுப்பு நான். பேருக்குப் பெரிய பதவிதான். ஆனால் அதை வீட்டு நடைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, மூன்று ஆண்களின் கால்களை வைத்து நடத்த வேண்டும். அந்த மூன்று பேரைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வாடகை வசூலுக்குப் போகிறவருக்கு மூச்சிரைப்பு, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. எங்கள் சரக்குக் கிட்டங்கியில் இராக்காவல் இருந்தவருக்கு மாலைக்கண். கணக்கு எழுதிய தம்பிக்கு எழுத்து முத்து முத்தாக இருக்கும், கையும் சுத்தம், ஆனால் வயதில் மூத்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் வாயே திறக்காது.

இது ஏதோ தற்செயலாக அமைந்தது என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர் வழக்கமே அப்படி. தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில் கடலை ஒட்டிய ஊர். ஆண்களில் பாதிப்பேர் கொழும்பில் கடை வைத்திருப்பார்கள். மற்றவர்கள் தோணியில் போவார்கள், சங்கு குளிக்கப் போவார்கள். முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்காகியிருந்தது. கடலுக்குப் போனவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஜமாஅத்துப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, இவனை எந்த வக்பில் போட்டு வைக்கலாம் என்றுதான் முதலில் யோசிப்பார்கள். வேலைக்கு ஆள் தேடுகிற பழக்கம் எங்களிடம் கிடையாது. ஆளுக்கு வேலை தேடுவோம். ஒருவனைக் கையேந்த விடாமல் சோறு போட இதைவிட மரியாதையான வழி இல்லை என்று பெருமையும் பட்டுக்கொள்வோம்.

வசூல்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வாலிபத்தில் சங்கு குளித்தவர். அவரைப்போல் கடலடியில் தங்கினவர் அந்தக் கரையிலேயே இல்லை என்பார்கள். ஒரு வருஷம் மேலே வரும்போது வாயிலும் மூக்கிலும் ரத்தமாக வந்தார். அதோடு நெஞ்சு கெட்டுப்போயிற்று. வாடகைக்காரரின் கடைவாசலில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், இங்கேயே ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று பயந்து சில மாதம் வாடகையைக் கொடுத்துவிடுவார்கள். சில மாதம் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். காவல்காரரோ, பொழுது சாய்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர். பகல் காவலுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று நான் ஒரு தரம் சொல்லி அனுப்பினேன். "பகல்ல கிட்டங்கி திறந்துதானே கெடக்கு, அதுக்கு எதுக்கு ஒரு ஆளு, வக்புப் பணத்தை வீணாத் திங்கவா" என்று பதில் வந்தது. நியாயஸ்தர்.

உம்மா இந்த வக்பை எழுதினதற்குக் காரணம் என் சாச்சி. உம்மாவின் தங்கை. வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்து, மருத்துவச்சி கைவிட்டு, தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோகும் வழியில், உப்பளத்துப் பக்கம் உயிரை விட்டாள். அவள் தலையை மடியில் வைத்திருந்தது உம்மாதான். அந்த ரோட்டைப் பற்றி யார் பேசினாலும் உம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். பிறகு தன் பேரில் இருந்த தூத்துக்குடிக் கிட்டங்கியையும் ஊரில் ஒரு தென்னந்தோப்பையும் வக்பாக எழுதினாள். எங்கள் வீட்டின் தெருப்பக்கத்து அறையைப் பிள்ளைப்பேற்று அறையாக ஒதுக்கினாள். படித்த நர்ஸ் ஒருத்தியைச் சம்பளத்துக்கு வைத்து, கஷ்டமான பிரசவமாக வருகிற எந்தப் பெண்ணையும் காசு வாங்காமல் பார்க்க வேண்டும் என்பதுதான் பத்திரம். கிட்டங்கி வாடகை இருந்தால்தான் நர்ஸ். தோப்பு மட்டும் இருந்தால் மூன்று பேர் சம்பளத்துக்கே சரியாகப் போகும்.

நர்ஸம்மா நாசரேத்துப் பக்கத்துக்காரர், கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். வந்த நாளே என் வீட்டு அடுப்படியைப் பிடித்துக்கொண்டு வெந்நீர் போடச் சொன்னார். கத்தரிக்கோலை வேகவைத்தார், துணியை வேகவைத்தார், என்னையும் ஒரு வேலைக்காரியாக வைத்து ஏவினார். எங்கள் ஊர்ப் பெண்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு அவர் இல்லாமல் வலி எடுக்கவே பயந்தார்கள். மருத்துவச்சி கைவிட்ட பெண்கள் அந்த அறையிலிருந்து பிள்ளையோடு நடந்து போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உம்மாவின் வக்பில் உருப்படியாக நடந்தது அந்த ஒரு அறைதான்.

ஒரு நாள் நான் என் ஆட்களைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா சிரித்தார். "நான் மட்டும் பொறக்கும்போதே இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா வந்தேன், அம்மா? சொல்லிக் குடுத்தாங்க, படிச்சேன். ஒங்க ஆளுகளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே முடிவு செய்தேன், இவர்களுக்குப் பாடம் வைக்க வேண்டும் என்று. நர்ஸம்மாவின் அண்ணன் ஸ்ரீவைகுண்டம் கோர்ட்டில் கொஞ்ச காலம் எழுத்து வேலை பார்த்துவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியாரானவர். வாரத்தில் ஒரு நாள் வந்துபோகச் சம்மதித்தார். வக்புக்காரனுக்குப் பள்ளிக்கூடம் வைக்கிறாளாம் என்று தெருவில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் முன்கூடத்தில் பாடம் நடக்கும். நான் திரைக்கு இந்தப் பக்கம் முக்காலியில். கூரையில் ஒழுக்கு இருக்கிறதா, சுவரில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்து எழுதுவது எப்படி, வாடகைக்காரன் சாக்குச் சொன்னால் அதையும் எழுதி அவனிடமே கையெழுத்து வாங்குவது எப்படி, படிக்காத காகிதத்தில் ஏன் கைநாட்டு வைக்கக் கூடாது, தேடி வருகிறவரை எழுந்து நின்று உட்காரச் சொல்வது ஏன், எல்லாம் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் ஆபீசர் முன்னால் பேசுவதற்கும் பாடம் வைத்தார். தானே ஆபீசராக நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மேசையைத் தட்டுவார். "நீர் யாரு, எந்தச் சொத்து, எந்தப் பாத்தியத்துல வந்தீரு, மளமளன்னு சொல்லும்" என்பார். கணக்குத் தம்பி முதலில் தரையைப் பார்த்து முணுமுணுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தலை நிமிர்ந்தது. பிறகு ஒரு நாள், எழுந்து நின்று, வக்பு யாருடையது, பத்திரம் எங்கே பதிவானது, கிட்டங்கியின் நாலு எல்லை எது, வாடகைக்காரர் யார் என்று தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னது. திரைக்குப் பின்னால் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இனி நமக்குக் குறையில்லை என்று நினைத்தேன்.

மாமாவுக்கு மட்டும் பாடம் ஏறவில்லை. ஸலாம் சொல்லி, பிஸ்மில்லாஹ் சொல்லி, அல்லாஹ்வைப் புகழ்ந்து, என் உம்மாவுக்கு ஒரு துஆ செய்து, அதற்குப் பிறகுதான் சொத்துக்கு வருவார். வருவதற்குள் மூச்சு முடிந்துவிடும். வாத்தியார் ஒரு நாள் திரை அருகே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆபீஸ் காரியத்துக்குப் பெரியவரைப் பேசவிட வேண்டாம், அம்மா. தம்பி பேசட்டும். பெரியவர் சும்மா கூட நின்னா போதும்." நான் அதைத் தம்பியிடம் அப்படியே சொன்னேன். சரி லாத்தா என்றது; அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அதற்குள் யுத்தம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. கொழும்பில் குண்டு விழுந்தது. ஆண்களிடமிருந்து கடிதாசும் வரவில்லை, மணியார்டரும் வரவில்லை. தானியம் போட்டு வைக்க என்று துறைமுகத்தை ஒட்டிய கிட்டங்கிகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. சொந்தக்காரர் இன்ன நாளில் ஆபீசில் ஆஜராகிப் பாத்தியத்தைச் சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னவர் பேருக்குத்தான் வாடகையும், யுத்தம் முடிந்தபின் இடமும் என்று எங்களுக்கும் நோட்டீஸ் வந்தது. அது பள்ளிக்கூட நாள், வாத்தியார் வர முடியாது. வந்தாலும் எங்கள் வக்புக்கு வேதக்காரர் பேசுவதைப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் போவதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. எனக்கு எல்லா பதிலும் மனப்பாடம். திரையை விலக்கிக்கொண்டு போய்ச் சொல்ல முடியாத பதில் எதற்கு உதவும்?

தம்பியும் மாமாவும் கரிப் புகையில் ஓடுகிற பஸ்ஸில் போனார்கள். போகும்போது வாசலில் மாமா நின்று, "நான் பேசிக்கிடுதேன் மகளே, நீ ஸபர் செய், பொறுமையா இரு" என்றார். தம்பி இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பொழுது சாய்வதற்கு முன்னே இருவரும் திரும்பினார்கள். மாமா திண்டில் சாய்ந்து மூச்சு வாங்கினார். தம்பி சொன்னது. பஸ்ஸில் போகும்போது மாமா புதுச் சட்டையின் பொத்தானைத் தடவித் தடவி, "இன்னைக்கு நான் ஆபீசர் முன்னால நின்னு பேசறதை உன் லாத்தாட உம்மா ரூஹு பார்த்துக்கிட்டே இருக்கும்" என்று சொன்னாராம். அதைக் கேட்டபின் அவரைப் பின்னால் தள்ள மனம் வரவில்லையாம். உள்ளே கூப்பிட்டதும் அவரையே முன்னால் நிற்க வைத்ததாம்.

"ஸலாம் சொன்னாஹ, பிஸ்மில்லாஹ் சொன்னாஹ, ஒங்க உம்மாவுக்குத் துஆ செஞ்சாஹ. இருமல் வந்துட்டு. ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தாரு. என்னைப் பார்த்து, உனக்குத் தெரியுமாய்யான்னு கேட்டாரு, லாத்தா."

"கேட்டாரா?"

"கேட்டாரு. மாமா கையைத் தூக்கி, நான் சொல்லுதேன்னு காட்டினாஹ."

"நீ?"

"அஹ நின்னுக்கிட்டு இருக்கையிலே நான் எப்புடி லாத்தா வாயைத் திறக்க? அத்தனை வியாபாரிங்க பார்க்காங்க. அஹளுக்கு எவ்வளவு கேவலம்."

அந்த நேரத்தில்தான் எங்கள் வாடகைக்காரர் முன்னால் வந்தார். கருப்பட்டியும் மருந்துக்கு நிலாவாரை இலையும் ஏற்றுமதி செய்கிறவர், எங்கள் ஊர்க்காரர், தூரத்து உறவும்கூட. மாமாவின் முதுகைத் தடவி, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு ஆபீசரிடம் திரும்பி, "நம்ம ஆளுதான் சார், வயசானவங்க. கிட்டங்கி என் பொறுப்புலதான் இருக்கு" என்று சொல்லிச் சாவியை மேசை மேல் வைத்தார். ஆபீசர் எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சாவி அவரிடம் எப்படிப் போனது என்று கேட்டேன். இருட்டினால் பூட்டுத் துவாரம் தெரியவில்லை என்று காவல்காரர்தான் ரொம்ப நாளாகவே அவரிடம் கொடுத்து வைத்திருந்தாராம். நான் திரையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா மெதுவாகச் சொன்னார். "தங்கமான மனுஷன், மகளே. புரியாணி வாங்கிக் குடுத்து, பஸ்ஸும் ஏத்திவிட்டாஹ."

அன்று நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. மாமா மறுநாள் வந்து வசூல் பையை வாசல்படியில் வைத்துவிட்டு, வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். அவர் வீட்டில் பெண்மக்கள், கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். ஜமாஅத்துப் பெரியவர்கள் பையை எடுத்து மறுபடியும் அவர் தோளில் மாட்டி அனுப்பினார்கள்.

தம்பி ஆட்சேப மனு எழுதியது. எவ்வளவு அழகான மனு. வாத்தியாரே படித்துப் பார்த்து ஒரு எழுத்தும் திருத்தவில்லை. சிவில் கோர்ட்டுக்குப் போகவும் என்று பதில் வந்தது. திருநெல்வேலி வக்கீல், அனுபோகம் அவர் பேரில் எழுதியாகிவிட்டது, வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார். வாடகைக்காரர் மட்டும் வருத்தமே படவில்லை. "லாத்தா பதற வேண்டாம், அல்லாஹ்ட சொத்து எங்க போயிரும், யுத்தம் முடியட்டும்" என்று சொல்லி அனுப்பினார். யுத்தம் முடிந்ததும் கிட்டங்கி அவர் பேரில் திரும்பி வந்தது. வாசலில் அவர் பேரைப் போட்டுப் பலகை மாட்டினார்.

ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே காரியம் முடிந்துவிட்டது. கிட்டங்கி வாடகை நின்றுபோக, தோப்பு வருமானத்தை வைத்து ஒன்று நர்ஸம்மாவை வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் மூன்று பேரை வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் எங்கள் முன்கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். உம்மா வக்பு எழுதியது பிரசவத்துக்கு, ஆண்பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்க இல்லை என்று நான் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னேன். குரலை உயர்த்தியே சொன்னேன். அவர்களில் வயது கூடியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நர்ஸம்மா கைத்தொழில் தெரிஞ்சவ. எங்க போனாலும் பிழைச்சுக்கிடுவா. இவங்க மூணு பேரும் எங்க போவாங்க, சொல்லு மகளே. மூணு குடும்பத்தைத் தெருவுல விட்டா ஒன் உம்மாவுக்கு நன்மையா வந்து சேரும்?"

கூடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த ஆட்களை எனக்குத் தெரியும். ஒருவரும் கெட்டவர் இல்லை. இரக்கப்பட்டுத்தான் பேசினார்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. தொழில் தெரியாதவனுக்கு வேலை உண்டு, தெரிந்தவளுக்கு இல்லை. இதை நான் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தும், அவர்கள் காதில் அது நியாயமாகவேதான் விழுந்தது. வாக்குவாதம் நாட்கணக்கில் நீண்டது. கடைசியில் நர்ஸம்மாவே பெட்டியைக் கட்டிவிட்டார். "எனக்கு எடம் கெடச்சிரும், அம்மா. பட்டாளத்து ஆஸ்பத்திரியில கேக்காவ. நீங்க இதுக்காக ஊரப் பகைக்காண்டாம்" என்றார். கத்தரிக்கோலைத் துடைத்துத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். அதை வைத்து நான் என்ன செய்ய?

அதன் பிறகு அறை பூட்டிக் கிடந்தது. மூன்று பேரும் ஒழுங்காக வேலைக்கு வந்தார்கள். வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடியே நேரத்துக்கு வருவார்கள், தோப்பைப் பார்த்து எழுதுவார்கள், தேங்காய் விற்ற பணத்தைத் தங்களுக்குள் சம்பளமாக எழுதி ஒப்பம் வைப்பார்கள். உம்மாவின் வக்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் உச்சிப்பொழுது ளுஹர் தாண்டி, தோணிக்காரர் தெருவிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். நர்ஸம்மா போய்விட்டது அவளுடைய மாமியாருக்குத் தெரியாது, வீட்டைவிட்டு வெளியே வராத மனுஷி. எங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். காவல்காரர் நிழலில் இடம் ஒதுக்கினார். மாமா தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தன் சால்வையை எடுத்து அவள் மேல் போட்டார். தம்பி மாமியாரிடம், இங்கே இப்போது நர்ஸ் இல்லை, தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், எந்த வாசல் வழியாகப் போனால் பிரசவ வார்டு, யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தடுமாறாமல், தெளிவாக, மளமளவென்று சொன்னது. ஒரு வார்த்தை பிசகில்லை. அந்தக் குரலைத்தான் நான் ஆபீசுக்கு அனுப்பியிருந்தேன். நான் திரையைத் தள்ளிவிட்டு வாசலுக்கே வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். தெரு பார்த்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி வந்தது. அந்தக் கையை விட்டுவிட்டு நான் உள்ளே வந்தேன்.

வண்டி உப்பளத்தைத் தாண்டவில்லை. பொழுது சாய்ந்து மஃரிபு ஆவதற்கு முன்னே திரும்பி வந்துவிட்டது. அவள் புருஷன் கடலில் இருந்தான், வீட்டில் ஒரு காசு இல்லை.

மறுநாள் காலையில் தம்பி திரை அருகே வந்து நின்றது. அவளைச் சுற்றி அடக்க கஃபன் துணிக்கு வக்பிலிருந்து கொடுக்கலாமா என்று கேட்டது. "பத்திரத்துல பிரசவத்துக்கு மட்டும்னுதான் இருக்கு, லாத்தா. வேற காரியத்துக்கு எடுக்கக் கூடாதுன்னு வாத்தியார் சொல்லியிருக்காரு." மரியாதையாகத்தான் கேட்டது. பாடத்தில் படித்ததை மறக்காமல் கேட்டது. கோபப்படக்கூட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

"அவ பிரசவத்துக்குத்தான் வந்தா" என்றேன். "அப்படியே எழுதிட்டுத் துணி வாங்கிக் குடு."

எழுதிற்று. மூன்று பேரும் துணியை எடுத்துக்கொண்டு மய்யித்து வீட்டுக்குப் போனார்கள்.